யானை வார்ப்பது பன்னீரா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தீயணைப்புச் சேவை வாரத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். அமெரிக்கத் தீயணைப்புப் படைகளின் எட்டு முனை மால்டா சிலுவை, எரியும் நாப்தா எண்ணெய்க்கு நடுவே தோழர்களைக் காப்பாற்றிய, சிலுவைப் போர்க் காலத்துப் புனித யோவான் சபை வீரர்களின் நினைவாம். சரி, செவிவழிக் கதை, நன்றாகவே இருக்கிறது. ஆனால் போகிற போக்கில், 'நம் பக்கம் இப்படிச் சின்னம் வைக்கும் மரபு இருந்ததில்லை' என்று ஒரு வரி வருகிறதே, அதுதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது.

செட்டிநாட்டில் எங்கள் கானாடுகாத்தான் பக்கம் வந்து வீட்டு முகப்புகளை அண்ணாந்து பாருங்கள். சுதையில் கஜலட்சுமி அமர்ந்திருப்பாள். இருபுறமும் யானைகள் குடத்தைக் கவிழ்த்து நீர் வார்க்கும். அது செல்வத்துக்கு என்பீர்கள். தாங்கள் அறியாததா! பர்மாத் தேக்கில் தூணும் உத்திரமும் வைத்த வீட்டுக்குத் தீயை நினைத்துத்தான் தலைவாசல் மேல் தண்ணீர் வைத்தார்கள் என்பாள் என் அப்பத்தா. நான் அப்பத்தா கட்சி.

உங்களுக்குச் செட்டிநாடு என்றால் கோழி வறுவல். முன்பு ஒரு தீபாவளி மலரில் எங்கள் பக்கத்து ஆத்தங்குடித் தரைக்கல்லை இத்தாலிப் பளிங்கு என்று போட்டீர்கள். திருத்தம் கேட்டு நான் எழுதிய அஞ்சலட்டை இன்னும் வழியில் இருக்கிறது போலும்.

தீயணைப்புச் சேவை வாரம் ஏன் ஏப்ரல் 14-இல் தொடங்குகிறது என்று உங்கள் கட்டுரையில் ஒரு வார்த்தை உண்டா? 1944-இல் அதே நாளில் பம்பாய் விக்டோரியா துறையில் பருத்தியும் வெடிமருந்தும் ஏற்றிய கப்பல் வெடித்தது. அணைக்கப் போனவர்களில் 66 பேர் திரும்பவில்லை. மால்டாவுக்கு இரண்டு பத்தி, பம்பாய்க்கு இடமில்லை.

சில வருடங்களுக்கு முன் ராக்கெட் வாணம் ஒன்று எங்கள் இரண்டாங்கட்டு விறகுக் கொட்டகையில் விழுந்தது. வண்டி சீக்கிரமே வந்தது, தெருமுனையில் யாரோ நட்ட விளம்பர வளைவைத் தாண்டத்தான் முடியவில்லை. தீயணைப்புப் படைப் பிள்ளைகள் குழாயைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். ஊருணியில் தண்ணீர் எடுக்கலாமென்றால் பாதிக்குப் பிளாஸ்டிக். 'காக்கும் பணி எங்கள் பணி' என்ற தீயணைப்புத் துறை வாசகத்துக்கு எனக்கு அப்புறம் விளக்கம் தேவைப்படவில்லை.

மறுப்பெல்லாம் வேண்டாம். எங்கள் முகப்புக் கஜலட்சுமியின் படத்தை இணைத்திருக்கிறேன். அடுத்த இதழில் ஓரமாகவாவது போடுங்கள். யானையின் தும்பிக்கையை வெட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
கானாடுகாத்தான்.