காப்புப் பிரதியும் ஒத்திசைவும் ஒன்றல்ல

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், நம் தரவை இணையம் வழியாக வேறோர் இடத்திலுள்ள கணினிகளில் வைக்கும் கிளவுட் சேவைகளைப் பற்றி வெளியான கட்டுரை, ‘ஸ்டோரேஜ்’, ‘சிங்க்’, ‘பேக்கப்’ ஆகிய மூன்றையும் ‘சேமிப்பு’ என்ற ஒரே சொல்லால் குறித்திருந்தது. எளிமை கருதி அவ்வாறு எழுதியிருக்கலாம். ஆயினும், இதே சொல்மயக்கத்தால் எங்கள் குடும்பத்தில் ஈடுசெய்ய முடியாத இழப்பு நேர்ந்திருப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கைப்பேசியில் இடம் போதவில்லை என்று என் தங்கை பழைய படங்களை அழித்தார். அவை கிளவுடில் ‘சேமிக்கப்பட்டுள்ளன’ என்று திரையில் படித்திருந்ததால் அவருக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை. உண்மையில் அங்கே நடந்துகொண்டிருந்தது ஒத்திசைவு, அதாவது ‘சிங்க்’. கைப்பேசியில் சேர்ப்பது அங்கும் சேரும், இங்கே அழிப்பது அங்கும் அழியும். எங்கள் பெற்றோரின் அறுபதாம் கல்யாணப் படங்களைத் தேடியபோது, நீக்கியவற்றை மீட்பதற்கான கெடுவும் கடந்துவிட்டிருந்தது. அப்பா இப்போது எங்களுடன் இல்லை.

மூலத்துக்கு என்ன நேர்ந்தாலும் அதனால் பாதிக்கப்படாமல் தனித்து நிற்கும் நகலே காப்புப் பிரதி, அதாவது ‘பேக்கப்’. இரண்டு வன்தட்டுகளில் ஒரே தரவை ஒருசேர எழுதும் ‘ரெய்டு’ முறைகூட, ஒரு தட்டு பழுதானால் கைகொடுக்குமே தவிர, தவறுதலாக அழித்த கோப்பைத் திருப்பித் தராது.

2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் என்ற கிளவுட் சேவை நிறுவனத்தின் தரவு மையம் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தபோது, காப்புப் பிரதிக்கெனக் கட்டணம் செலுத்தியிருந்த ஒரு வாடிக்கையாளரின் மூலமும் நகலும் அதே கட்டடத்தில் இருந்தது தெரியவந்தது. நகல் தனியிடத்தில் வைக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் இருந்த வாசகத்தைச் சுட்டி, 2023-இல் லீல் வணிக நீதிமன்றம் அந்த நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது. ஒரு சொல்லின் பொருளை நீதிமன்றமே எடைபோட வேண்டியிருந்தது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் தேஜான் நகரில் அரசுத் தரவு மையம் எரிந்தபோதோ, அரசு ஊழியர்கள் பணிக் கோப்புகளை வைத்திருந்த ஜி-டிரைவின் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியே ஒரு நகல்கூட எடுக்கப்பட்டிருக்கவில்லை.

ஆகவே, இனி வரும் கட்டுரைகளிலேனும் ‘சேமிப்பகம்’, ‘ஒத்திசைவு’, ‘காப்புப் பிரதி’ என்ற சொற்களைத் தனித்தனியே ஆள வேண்டுகிறேன். மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு நகல் வேறோர் இடத்தில் என்று இத்துறையினர் பின்பற்றும் விதியையும், எடுத்த நகலிலிருந்து ஒரு கோப்பையாவது அவ்வப்போது மீட்டெடுத்துப் பார்க்கும் முறையையும் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிட்டால், கைப்பேசியை மட்டுமே நம்பியிருக்கும் என் தங்கை போன்ற வாசகர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்