சோறு போட்டவர்களையும் வரைபடத்தில் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் சிறுவர் இணைப்பில் வந்துகொண்டிருக்கும் உலகப் பயணிகள் தொடரில் லூயிஸ், கிளார்க் இருவரைப் பற்றிய பகுதியைப் படித்தேன். இருநூறு வருடத்துக்கு முன் அமெரிக்க அரசு மேற்கே பசிபிக் கடல்வரை அனுப்பிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர்கள் இவர்கள். நான் இருப்பது அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் பக்கம், அந்தப் பயணம் கிளம்பின இடத்துக்குக் கிட்டத்திலேயே. வார இறுதியில் இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறேன். பள்ளியில் இந்தப் பாடம் சின்ன வகுப்பிலேயே வந்துவிடும், வீட்டுப்பாடம் என்று பிள்ளை வந்து நிற்கும்போது அப்பா அம்மா இரண்டு பேருமே முழிப்பார்கள், ஏனென்றால் நாமெல்லாம் படித்தது பாபரும் பானிபட்டும். அதனால் தமிழில் ஒரு பத்திரிகை இதைக் கையில் எடுத்தது எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் “மனித நடமாட்டமே இல்லாத மேற்குப் பகுதியை” இரண்டு வீரர்கள் கண்டுபிடித்தார்கள் என்று முதல் பத்தியிலேயே போட்டிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

நடமாட்டம் இல்லையா? 1803-இல் அமெரிக்க அதிபர் ஜெஃபர்சனின் அரசு பிரான்ஸுக்கு ஒன்றரைக் கோடி டாலர் கொடுத்து லூசியானா என்ற பெரும் பரப்பை வாங்கியது. விற்றவர் நெப்போலியன், வாங்கியவர் ஜெஃபர்சன், அங்கே தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தவர்களை ஒரு வார்த்தை கேட்டவர் யாரும் இல்லை. அடுத்த வருடம் மே மாதம் கிளம்பிய லூயிஸ், கிளார்க் குழு, 55 அடி நீளப் படகை மிசூரி ஆற்றின் ஓட்டத்துக்கு எதிராகத் தள்ளியும், கரையில் நடந்து கயிறு போட்டு இழுத்தும், குளிர் தொடங்குகிற நேரத்தில் இன்றைய வடக்கு டகோட்டா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே மாண்டன், ஹிடாட்சா மக்களின் ஐந்து ஊர்கள் இருந்தன. மண் மூடிய வட்ட வீடுகள், மக்காச்சோளம், பூசணி, சூரியகாந்தி, பல திசைகளிலிருந்தும் வந்து பண்டமாற்று செய்துகொண்டு போகிற கூட்டம். அந்த ஊர்களில் இருந்தவர்கள் நாலாயிரம் பேருக்கு மேல். அப்போது செயின்ட் லூயிஸில் இருந்ததே ஆயிரம் பேர் அளவில்தான். ஊரிலிருந்து காட்டுக்குப் போனார்கள் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், உண்மையில் சின்ன ஊரிலிருந்து பெரிய ஊருக்குப் போனார்கள்.

இந்தப் பாடத்தைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்று பலரும் கேட்கிறார்கள். எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்வி. பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும், இவர்களுக்குச் சோறு போட்டது யார்? அதைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் தானாக வரும்.

மாண்டன் தலைவர் ஷெஹேகே அந்தக் குளிர்காலத் தொடக்கத்தில் கிளார்க்கிடம் சொன்னது கிளார்க்கின் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நாங்கள் சாப்பிட்டால் நீங்களும் சாப்பிடுவீர்கள், நாங்கள் பட்டினி கிடந்தால் நீங்களும் பட்டினிதான். பூஜ்ஜியத்துக்குக் கீழே 40 டிகிரியைத் தாண்டிய குளிரில் இந்தக் குழுவை உயிரோடு வைத்தது அந்த ஊர்ப் பெண்கள் விளைவித்த மக்காச்சோளமும்தான். சும்மா வாங்கிக்கொள்ளவில்லை, குழுவில் இருந்த கொல்லர்கள் இரும்பில் கோடரி அடித்துக் கொடுத்து மாற்றிக்கொண்டார்கள். பிள்ளைகளுக்கு இந்தக் கோடரி வியாபாரம் ரொம்பப் பிடிக்கும், ஒரு கோடரிக்கு எத்தனை படி கேட்கலாம் என்று பேரம் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பேசட்டும்.

அப்புறம் 1805 செப்டம்பர். பிட்டர்ரூட் மலையைக் கடக்கும்போது பனி பிடித்துக்கொண்டது, வேட்டைக்கு ஒன்றும் சிக்கவில்லை, கூட வந்த குதிரைக் குட்டிகளையே அடித்துத் தின்றார்கள். ஒரு சிலரோடு முன்னால் போன கிளார்க் மலை இறங்கி ஒரு புல்வெளிக்கு வருகிறார். அங்கே மூன்று பையன்கள். இவரைப் பார்த்ததும் ஓடிப்போய்ப் புல்லுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள். கிளார்க் குதிரையை விட்டு இறங்கி, துப்பாக்கியைக் கூட வந்தவரிடம் கொடுத்துவிட்டு, புல்லை விலக்கித் தேடி இரண்டு பேரைக் கண்டுபிடிக்கிறார், கையில் ஆளுக்கொரு ரிப்பன் துண்டைக் கொடுத்து ஊருக்கு அனுப்புகிறார். என் வகுப்பில் இந்தப் பகுதியை அந்தப் பையன்கள் சொல்கிற மாதிரி எழுதச் சொல்வேன். தாடி வளர்ந்த, நாற்றமடிக்கிற, பசியில் கண் குழிவிழுந்த ஆட்கள் மலையிலிருந்து இறங்கி வந்தால் நீ வீட்டில் போய் என்ன சொல்வாய்? கண்டுபிடிக்கப்பட்டது யார், கண்டுபிடித்தது யார் என்று நான் தனியாக விளக்கவே வேண்டியதில்லை, பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவதிலேயே அது இருக்கும்.

அந்தப் பையன்கள் நெஸ் பெர்ஸ் இனத்தவர், அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்வது நிமீபூ என்று. அவர்கள் காய்ந்த சால்மன் மீனும் காமாஸ் கிழங்கும் கொடுத்தார்கள். பட்டினி வயிற்றில் அளவில்லாமல் சாப்பிட்டுவிட்டு மொத்தக் குழுவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தது (இந்த இடத்தில் வகுப்பை அடக்குவது கஷ்டம்). மரத்தை எரித்துக் குடைந்து ஓடம் செய்து ஆற்றில் போகும்போது குதிரைகளை அவர்களிடமே விட்டுப் போனார்கள், அடுத்த வருடம் திரும்பி வந்து வாங்கிக்கொண்டார்கள்.

உங்கள் கட்டுரை 1806 செப்டம்பரில் குழு ஊர் திரும்பியதோடு சுபம் போட்டுவிட்டது. பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். புல்லில் ஒளிந்த பையன்களில் ஒருவனுக்கு அப்போது பத்து வயது என்று வைத்துக்கொள்வோம், 1877-இல் அவனுக்கு என்ன வயது? 82. தங்கம் கிடைத்ததென்று 1863-இல் புதிய ஒப்பந்தம் போட்டு அவர்கள் நிலத்தில் பத்தில் ஒரு பங்கை மட்டும் மிச்சம் வைத்தது அரசு, கையெழுத்துப் போடாதவர்களையும் 1877-இல் வெளியேறச் சொன்னது. சண்டை மூண்டதும் நெஸ் பெர்ஸ் தலைவர் ஜோசப்பும் மற்றவர்களும் பெண்கள், கிழவர்கள், குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு ஆயிரம் மைலுக்கு மேல் போனார்கள், ராணுவம் துரத்திக்கொண்டே வந்தது, கனடா எல்லைக்குச் சுமார் 40 மைல் இருக்கும்போது மடக்கிவிட்டது. ஊருக்கு அனுப்புவோம் என்று சொல்லிவிட்டு அனுப்பியது தெற்கே இன்றைய ஓக்லஹோமாப் பக்கம். ஜோசப் 1904-இல் சாகிறவரை சொந்த மண்ணான வல்லோவா பள்ளத்தாக்கில் குடியிருக்க அவரை விடவில்லை. கிழங்கு கொடுத்தார்களே, அவர்களுக்கா என்று ஒரு பையன் கேட்டான். எட்டு வயது. இதையெல்லாம் குழந்தைகளிடம் சொல்லலாமா என்று தயங்குகிற பெரியவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன், தாராளமாகச் சொல்லலாம், அவர்களுக்குப் புரிகிறது.

சகாகவியாவுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரி, யார்க் பெயரே இல்லை. சகாகவியா ஷோஷோனி இனத்துப் பெண், சிறு வயதில் ஹிடாட்சாக்கள் கடத்திக்கொண்டு வந்தவள், பச்சைக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பசிபிக் கடல்வரை போனாள். யார்க், கிளார்க்கின் அடிமை. குளிர்காலத்தை எங்கே கழிப்பது என்று கடற்கரையில் கருத்துக் கேட்டபோது இருவர் கருத்தையும் எழுதிக்கொண்டார்கள். திரும்பி வந்ததும் வீரர்களுக்கு இரட்டைச் சம்பளம், ஆளுக்கு 320 ஏக்கர் நிலம். சகாகவியாவின் கணவனுக்குப் பணமும் நிலமும் உண்டு, அவளுக்கு இல்லை. யார்க்குக்கும் இல்லை, விடுதலையைக்கூடக் கிளார்க் பல வருடம் தரவில்லை. சம்பளப் பட்டியலைப் பலகையில் எழுதிப் போட்டாலே போதும், பாடம் நடத்தவே வேண்டாம்.

இதனால் லூயிஸையும் கிளார்க்கையும் வில்லனாக்கச் சொல்லவில்லை. அவர்களுடைய உழைப்பு உழைப்புதான், குறிப்பேடுகள் பொக்கிஷம். பிரெய்ரி நாய் என்று ஒன்று, பெயர்தான் நாய், ஆனால் அணில் ஜாதி, வளைக்குள் இருக்கும், அதைப் பிடிக்கக் குழுவில் கிட்டத்தட்ட எல்லோருமாகப் பகலில் பெரும்பகுதி வளைக்குள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் பிடிபட்ட ஒன்று அடுத்த வருடம் ஜெஃபர்சன் மாளிகைக்கு உயிரோடு போய்ச் சேர்ந்தது. இதையெல்லாம் விட்டுவிட்டுப் பிள்ளைகளுக்குத் தேதி மனப்பாடம் செய்யக் கொடுப்பது பாவம்.

அடுத்த வாரம் ஓரிகன் பாதை, அதாவது பிற்பாடு குடியேறப் போனவர்கள் மாட்டுவண்டியோடு மேற்கே போன வழி, என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கு ஒன்று சொல்கிறேன், வாசகர்கள் வீட்டிலேயே செய்யலாம். தரையில் சாக்பீஸால் பத்தடிக்கு நாலடி ஒரு கட்டம் போடுங்கள், கிட்டத்தட்ட அதுதான் அந்த மாட்டுவண்டியின் அளவு. பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 கிலோ மாவு, அதற்கு மூட்டை அடுக்குங்கள். மிச்ச இடத்தில் என்ன வைப்பது என்று பிள்ளைகள் அடித்துக்கொள்ளட்டும். எங்கள் வகுப்பில் பாட்டியின் கிரைண்டரை ஏற்றியே ஆகவேண்டும் என்று ஒரு பெண் நின்றாள். ஏற்றிவிட்டு, நீ எங்கே உட்காருவாய் என்று கேட்டேன். உட்கார இடமில்லை, அன்றைக்கும் அப்படித்தான், இரண்டாயிரம் மைல் பெரும்பாலானவர்கள் நடந்தே போனார்கள். வழியில் அம்பு பட்டுச் செத்தவர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் மிக அதிகம், ஆற்றைக் கடக்க உதவி கூலி வாங்கியதும் அந்தப் பகுதி மக்கள்தான். அதையும் போடுங்கள்.

ஒன்றே ஒன்று வேண்டாம். பள்ளி விழாவுக்குக் காகித இறகுக் கிரீடம் ஒட்டிப் பிள்ளை தலையில் வைப்பது. கழுகு இறகு அவர்களிடையே ராணுவப் பதக்கம் மாதிரி, சம்பாதித்து அணிவது. அந்த மக்கள் இன்றும் இருக்கிறார்கள், 1837 பெரியம்மை நோயில் மாண்டன்களில் நூற்றுச் சொச்சம் பேரே மிஞ்சியும் அந்த வம்சம் இன்னும் வடக்கு டகோட்டாவில் இருக்கிறது, “வாழ்ந்தார்கள்” என்று எழுதாதீர்கள்.

ஓரிகன் பகுதிக்கு வரைபடம் போடும்போது முதலில் அங்கங்கே இருந்த இனங்களின் பெயர்களை எழுதிவிட்டு, அதன்மேல் பாதைக் கோட்டை இழுக்கச் சொல்லுங்கள். வரைய ஆள் இல்லையென்றால் தெரிவியுங்கள், எங்கள் வகுப்புப் பிள்ளைகள் வரைந்தது ஒன்று இருக்கிறது, ஸ்கேன் செய்து அனுப்புகிறேன். எழுத்துப்பிழை நிறைய இருக்கும், ஆறுகளெல்லாம் சரியான இடத்தில்தான் ஓடுகின்றன.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
செயின்ட் லூயிஸ்