கள்ளப் பத்திரம் கட்டிய சட்டம்

இயேசுவுக்கே புகழ்!

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை.

போன வாரம் போனில், "ஆயர் (பிஷப்) மேல் குற்றச்சாட்டு வந்தால் திருத்தந்தைதான் (போப்) விசாரிக்கணும், அவ்வளவுதான் சட்டம், இதில் படிக்க என்ன இருக்கு" என்று சலித்துக்கொண்டாய். எனக்கு மனசு கேட்கவில்லை. பங்குச் சாமியிடம் திருச்சபை வரலாற்றுப் புத்தகங்களை வாங்கி வந்து உட்கார்ந்துவிட்டேன். ரிஜிஸ்தர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதியே காலத்தை ஓட்டியவன் நான். உன் திருச்சபைச் சட்டப் படிப்புக்குள் என் தொழில் வந்து நிற்கும் என்று நினைக்கவே இல்லை.

முதலில் சட்டம் அப்படி இல்லையப்பா. 325இல் கூடிய நீசேயா சங்கம், அதாவது ஆயர்களின் பெரிய கூட்டம், ஒரு மாநிலத்து ஆயர்களே வருஷத்துக்கு இரண்டு தடவை கூடி வழக்கைத் தீர்க்கச் சொன்னது. 343இல் சார்திக்கா சங்கம், பதவி பறிபோன ஆயர் ரோமுக்கு அப்பீல் போகலாம் என்று ஒரு சின்ன வழி விட்டது. 500 வாக்கில் ரோமில் இருந்த தியோனிசியுஸ் என்ற துறவி சங்கச் சட்டங்களையும் திருத்தந்தையர் கடிதங்களையும் தொகுத்தார். கிறிஸ்து பிறப்பிலிருந்து வருஷத்தை எண்ண வழி சொன்னவரும் அவர்தான். அந்தத் தொகுப்பின் ஒரு வடிவத்தை 774இல் திருத்தந்தை முதலாம் ஹாட்ரியன் சார்லமேன் மன்னருக்குக் கொடுத்தார்.

அதுவரை எல்லாம் ஒரிஜினல். ரகளை ஆரம்பித்தது 9ஆம் நூற்றாண்டில், இன்றைய பிரான்ஸ் பக்கம் இருந்த பிராங்கு நாட்டில். அங்கே ஆயர்களுக்கு, அவர்களுக்கு மேலான பேராயரும் மன்னரும் இரண்டு பக்கமும் இடி. முதலில் பதவியும் சொத்தும் போகும், விசாரணை அப்புறம். நூற்றாண்டின் நடுவில் யாரோ சிலர் உட்கார்ந்து, 'இசிதோர் மெர்க்காத்தோர்' என்று பெயர் போட்டு ஒரு கட்டு தயாரித்தார்கள். கிளமெந்து முதல் மில்த்தியாதேஸ் வரை ஆதித் திருத்தந்தையர் எழுதியதாகச் சுமார் 60 கடிதங்கள், அத்தனையும் பொய். கூடவே உண்மையான சங்கச் சட்டங்களையும் சேர்த்துக் கட்டினார்கள். தொழில் தெரிந்தவர்கள்!

அதில் என்ன இருந்தது தெரியுமா? ஆயரைத் தண்டிக்க 72 சாட்சி வேண்டும். இறுதித் தீர்ப்பு ரோமுக்கே. எனக்கு ரொம்பப் பிடித்தது இது: வெளியேற்றப்பட்ட ஆயருக்கு முதலில் சுவாதீனத்தை, அதாவது பறித்த பதவியையும் சொத்தையும், திருப்பிக் கொடு, அதற்குப் பிறகு வழக்குப் போடு. நம்மூர் சிவில் வக்கீல் யார் இதைக் கேட்டாலும் தலையாட்டுவார்.

ரீம்ஸ் பேராயர் ஹிங்க்மார் பெரிய சட்டப்புலி. 862இல் சுவாசோன் ஆயர் ரோத்தாதுவைப் பதவி நீக்கினார். ரோமைக் கேட்காமல் ஆயரை நீக்கக் கூடாது என்று அடித்துச் சொல்லி, திருத்தந்தை முதலாம் நிக்கோலாஸ் 865இல் அவரைத் திரும்ப உட்காரவைத்தார். அடுத்து வம்புக்கு வந்தது பேராயரின் சகோதரி மகனே. அவரும் ஹிங்க்மார், லாவோன் ஆயர். மாமாவுக்கு எதிராக அந்தக் கள்ளக் கடிதங்களையே எடுத்து வீசினார். தனக்குத் தோதான இடத்தில் மாமாவும் அதிலிருந்தே மேற்கோள் காட்டியவர்தான்! மருமகன் எடுத்ததும் கோபம் வந்து 55 அதிகாரத்தில் மறுப்பு எழுதினார். 871இல் மருமகனுக்குப் பதவி போனது, பிறகு கண் பார்வையையும் பறித்துவிட்டார்கள். கடிதக் கட்டு அவரைக் காப்பாற்றவில்லை.

ஆனால் கட்டு பிழைத்துக்கொண்டது. ஆயர்கள் தங்கள் பாதுகாப்புக்காக ரோமை உயரத்தில் வைத்தார்கள். பின்னால் வந்த திருத்தந்தையருக்கு அதுவே கையில் ஆயுதமானது. 1140 வாக்கில் கிராசியன் என்ற சட்ட அறிஞர் தொகுத்த பெரிய திருச்சபைச் சட்ட நூலிலும் அதிலிருந்து நிறைய ஏறிவிட்டது. ரோமின் அதிகாரத்தையே இந்தக் கட்டுதான் உண்டாக்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். அது அதிகப்படி. சார்திக்கா அதற்கு 500 வருஷம் முந்தியது.

பிடிபட்டதைக் கேள். 2ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தை, 4ஆம் நூற்றாண்டுக் கடைசியில் புனித ஜெரோம் செய்த மொழிபெயர்ப்பிலிருந்து பைபிள் வசனம் சொல்கிறார்! 1990இல் அச்சான முத்திரைத்தாளில் 1970 என்று தேதி போட்ட கிரயப் பத்திரம் மாதிரிதான். 1628இல் டேவிட் புளோந்தெல் என்ற பிரெஞ்சு புராட்டஸ்டண்ட் அறிஞர் இந்தக் கடிதங்கள் போலி என்பதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டினார். ஒரு சப்-ரிஜிஸ்தரிடம் முதல் நாளே கொடுத்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்குமா?

சரி, ஒரு வேலை செய். இந்தக் கள்ளக் கட்டு பிரான்சின் கோர்பி மடத்தில் தயாரானது என்று ஒரு கட்சி, இல்லை என்று இன்னொரு கட்சி. உன் பேராசிரியர் எந்தக் கட்சி, ஏன் என்று கேட்டு எழுது. அடுத்த மாதப் பணம் திங்கட்கிழமை போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா