சியாச்சின் பார்சலுக்குக் கைகொடுத்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றி

பாலக்காட்டு எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், எருத்தேம்பதி வட்டாரத்து அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் வணக்கம்.

லடாக்கின் சியாச்சின் பனிமலையில் குளிர்காலக் காவல் நிற்கும் நம் பிள்ளைகளுக்காக நீங்கள் கொடுத்தவை பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டன. வெளி உடை, பூட்ஸ், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் பட்டாளமே கொடுக்கிறது. அதற்கு உள்ளே என்ன போடுகிறோம் என்பதில்தான் கால்விரல் தப்புவதும் போவதும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டு நீங்கள் கொடுத்தீர்கள். அதற்கே முதல் நன்றி.

திருப்பூரிலிருந்து சாக்ஸ் எடுத்துக் கொடுத்தவர்கள் பருத்தி வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் கம்பளிக்கு மாற்றினார்கள். நடக்கும்போது பூட்ஸுக்குள் கால் வியர்க்கும். பருத்தி அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நின்றதும் ஈரம் சில்லிட்டு விரல் மரத்துவிடும். இறுக்கமான இரண்டு சாக்ஸை ஒன்றன்மேல் ஒன்று போடுவதும் கெடுதல்தான், ரத்த ஓட்டம் குறைந்துபோகும். அதனால்தான் மெல்லியது ஒன்று, அதற்கு மேலே ஒரு சைஸ் பெரிய தடித்தது ஒன்று என்று ஜோடி சேர்த்தோம். நனைந்ததைச் சட்டைக்குள் வயிற்றோடு ஒட்டி வைத்தால் உடம்புச் சூட்டிலேயே காயும்.

ஆரம்ப சுகாதார நிலையத்து சிஸ்டர்கள் எழுதித் தந்த தாளை ஒவ்வொரு பார்சலிலும் வைத்தோம். விரல் மெழுகுபோல் வெளுத்து உணர்ச்சி போனால் தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். நெருப்பில் காட்டினால் வெந்தாலும் தெரியாது. 37 முதல் 39 டிகிரி வெந்நீரில் அரை மணி நேரம் வைக்க வேண்டும். மறுபடி உறையும் வாய்ப்பிருந்தால் கீழே கொண்டுவரும்வரை உருக்கவே கூடாது. கூடாரத்தைச் சூடாக்கும் புகாரி அடுப்பின் புகைக்குழாய் பனியில் அடைபட்டால் கூடாரத்துக்குள் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போகும் என்பதையும் அவர்கள் மறக்காமல் சேர்த்திருந்தார்கள்.

பொடி இடித்துக் கொடுத்த அக்காமார்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அந்த உயரத்தில் பசி செத்துவிடும், நாக்குக்கு உறைப்பாக ஏதாவது இருந்தால்தான் நாலு வாய் இறங்கும். 5,500 மீட்டரில் தண்ணீர் 82 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் சோறு நடுவில் வேகாது. தேங்காய் எண்ணெய் நம் ஊர் மார்கழிக் காலையிலேயே உறைவது, அங்கே கல். அதனால் சிப்ஸையும் பாட்டில் ஊறுகாயையும் விட்டுவிட்டு எண்ணெயில்லாத பருப்புப்பொடியும் கறிவேப்பிலைப்பொடியும் கொடுத்தீர்கள். அங்கே காற்றழுத்தம் இங்குள்ளதில் பாதி. காற்றோடு ஒட்டிய பாக்கெட் உப்பிப் பிரிந்துவிடும். ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்திக் காற்றை வெளியேற்றி ஒட்டிய பிள்ளைகளே, ஒரு பாக்கெட்கூடப் பிரியவில்லை.

தபால் நிலையத்தாருக்கும் நன்றி. 56 ஏபிஓ என்ற பட்டாளத் தபால் நிலைய முகவரியில் ஊர்ப் பெயர் இருக்காது. படை எண், பதவி, பெயர், யூனிட் இவற்றில் ஒன்று பிசகினாலும் பார்சல் திரும்பிவிடும். ஒவ்வொன்றையும் சரிபார்த்து, துணி உறைக்கு உள்ளேயும் முகவரிச் சீட்டு வைக்கச் சொன்னார்கள்.

2016 பிப்ரவரி 3 அன்று 19,600 அடி உயரத்தில் பனிச்சரிவில் சிக்கிய பத்துப் பேரும் மெட்ராஸ் ரெஜிமென்ட் 19ஆம் பட்டாலியனோடு இருந்தவர்கள். தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், கர்நாடகம் என்று எல்லா ஊர்ப் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். கேரள–தமிழ்நாடு எல்லைச் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் என்று பார்க்காமல் கோபாலபுரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் நீங்கள் வந்தது அதனால்தான் எங்கள் நெஞ்சை நிறைத்தது.

லடாக் போகும் வழியிலுள்ள சோஜிலா கணவாயைப் பனி மூடினால் சாலை நின்றுவிடும். அடுத்த முறைக்கான கம்பளிச் சாக்ஸும் மெல்லிய உள் கையுறையும் ஆகஸ்டுக்குள் வந்துவிட்டால் நல்லது. கையுறை கட்டாயம் வேண்டும், அந்தக் குளிரில் வெறுங்கையால் துப்பாக்கியைத் தொட்டால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளும்.

இப்படிக்கு,
கொழிஞ்சாம்பாறை வட்டார முன்னாள் படைவீரர்கள்