சிக்னல் சரியில்லை என்கிறாய்

அன்புள்ள குமாருக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை பரவாயில்லை. மாடிக் குழாய் விவகாரம் அப்படியேதான் இருக்கிறது, உன் சித்தப்பா வந்தால்தான் தீரும்.

போன ஞாயிறு, உன்னிடம் பிஎச்.டி. செய்யும் அந்தத் தேனிப் பெண் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். சிக்னல் சரியில்லை என்றாய். அதற்கு முந்தின ஞாயிறும் அதே சிக்னல்தான். பொங்கலுக்கு வந்தபோது நார்த்தங்காயை வெறுமனே எடுத்துத் தின்றபடி என்னமாய்ப் பேசினாள்!

சரி, அவள் பேச்சு வேண்டாம். பொதுவாகச் சொல்கிறேன். உதவிப் பேராசிரியர் நான்கு பிஎச்.டி. மாணவர்களுக்குத்தான் கைடாக இருக்கலாம் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) கணக்கு. நான்கு இடத்தையும் நீ நிரப்பிவிட்டாய் என்று பெரியப்பாவரை பெருமையடித்துவிட்டேன். நான்கு பேர் என்றால் வாரத்துக்கு நான்கு மணி நேரம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசு. எழுதிக் கொடுத்ததைப் பதினைந்து நாளில் திருப்பிக் கொடு. ஜேஆர்எஃப் ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பது காகிதத்தில். அது வராத மாதங்களில் மெஸ் பில்லுக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டிருக்கிறாயா? அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். உன் கையெழுத்தை நம்பி இருப்பவர்கள் உன்னிடம் எதைச் சொல்வார்கள்? அதனால்தான் சொல்கிறேன், உட்கார்ந்து பேசு.

வானியல் அறிஞர் எடிங்டன் கதையை வகுப்பில் எத்தனை வருஷம் சொல்லியிருப்பேன்! நம் சந்திரசேகர் நட்சத்திரங்களின் முடிவு பற்றிக் கணக்குப் போடும்போதெல்லாம் கூடவே இருந்து விசாரித்தவர், 1935 ஜனவரி 11 அன்று லண்டன் கூட்டத்தில் அந்த 24 வயதுப் பையன் பேசி முடித்ததும் எழுந்து, எல்லோர் முன்னாலும் அதைக் கேலி செய்தார். அப்புறமும் சந்திரசேகர் அவரிடம் மரியாதையை விடவில்லை. நோபல் வந்தது 1983இல். கதையை முடிக்கும்போதெல்லாம் எடிங்டனை நான்கு வார்த்தை திட்டுவேன்.

என் பீரோவில் இரண்டாம் தட்டில் ஒரு பச்சை ஃபைல் இருக்கிறதே, அது என் முதல் பிஎச்.டி. ஸ்காலர் கொடுத்த ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம். ஏழு மாதம் வைத்திருந்தேன். நேரமில்லை என்று அவனிடம் சொன்னேன். உண்மையில் அவன் போட்டிருந்த கணக்கு எனக்குப் புரியவில்லை, குமார். புரியவில்லை, வந்து சொல்லிக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. ஆய்வை மதிப்பிடும் டிசி (டாக்டரல் கமிட்டி) மீட்டிங்கில், இவன் வேலை இன்னும் போதாது என்றேன். தலையாட்டினான். அடுத்த வருஷம் வரவில்லை. இதை அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை.

இப்போது நீட் கோச்சிங்கில் கெமிஸ்ட்ரி எடுக்கிறானாம். தை மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் என்னைப் பார்த்ததும், சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் எழுந்து நின்றான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நார்த்தங்காய் இரண்டு பாட்டில் அனுப்பியிருக்கிறேன். சின்னது உனக்கு. பெரியதை லேபில் வைத்துவிட்டு வந்துவிடாதே, அவள் கையில் கொடு. ஊருக்குப் போய்விட்டாள் என்றால், எப்போது வருகிறாள் என்று நீயே போன் போட்டுக் கேள்.

அம்மா