கத்திரி வெயிலும் டாப்னியாவும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொளத்தூரில் மொட்டை மாடித் தொட்டிகளில் ஃபைட்டர், கப்பி மீன்கள் வளர்த்துப் பிழைப்பவன் நான். வெயில் வந்தால் ஆடு, மாடு, கோழிக்கெல்லாம் பத்திரிகைகளில் குறிப்பு வருகிறது. மீன் குஞ்சின் தீனிக்கு வருவதில்லை. அதனால் நானே எழுதுகிறேன்.

போன தை மாதம் ஆன்லைனில் டாப்னியா வாங்கினேன். மீன் குஞ்சுக்கு உயிரோடு தீனியாகப் போடும் சின்ன நீர்ப்பூச்சி அது. "கத்திரியிலகூட சூப்பரா பெருகும் சார்" என்றார் விற்றவர். நீல டிரம்மில் விட்டேன். கண்ணாடி டம்ளரில் மொண்டு வெளிச்சத்தில் பிடித்தால், ஒவ்வொரு தாயின் முதுகுப் பையிலும் பச்சை முட்டை இருபதாவது இருக்கும். பங்குனியில் அது நாலைந்தாகக் குறைந்தது. தாய்களும் சிறுத்துப்போயின. சித்திரைக் கடைசியில் ஒருநாள் மதியம் டிரம்மில் 36 டிகிரி. மறுநாள் காலை எல்லாம் வெள்ளையாக அடியில் கிடந்தன. ஐஸ் பாட்டில் மிதக்கவிட்டதில் வீட்டுக்காரிக்குச் சிரிப்பு வந்ததுதான் மிச்சம்.

அது மேக்னா என்ற பெரிய இனம். 20 டிகிரியை ஒட்டிய தண்ணீர்தான் அதற்கு ஒத்துக்கொள்ளும். சூடு கொஞ்சம் ஏறினால் சீக்கிரம் குட்டி போடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஆயுசு குறைந்துவிடும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கிற தண்ணீர் 35 டிகிரியில் 7 தான் பிடிக்கும். பூச்சிக்கோ அப்போதுதான் மூச்சு அதிகம் வேண்டும்.

நம் ஊருக்கு மொய்னா என்ற இன்னொரு நீர்ப்பூச்சிதான் சரி. 24 முதல் 31 டிகிரி வரை ஜோராகப் பெருகும். பிறந்த குட்டி நாலைந்து நாளில் தாயாகிவிடும். ஆணே தேவையில்லை, பெண் பெண்ணாகவே போட்டுத் தள்ளும். கூட்டம் நெருக்கி, தீனி குறைந்தால்தான் ஆண் பிறக்கும். அப்புறம் தாயின் முதுகில் குதிரைச் சேணம் மாதிரி ஒரு கருத்த ஓடு ஏறும். அதனுள் ஒன்றோ இரண்டோ முட்டை. தண்ணீர் வற்றிக் காய்ந்தாலும் சாகாது. இது தெரியாமல் அந்த முட்டை கிடந்த அடி வண்டலை இரண்டு தடவை சாக்கடையில் கொட்டியிருக்கிறேன். இப்போது வடிகட்டி, நிழலில் உலர்த்தி, ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்திருக்கிறேன். டிரம்முக்கு மேல் பச்சை நிழல்வலையும் கட்டியாயிற்று.

விற்றவரிடம் பணம் கேட்டுச் சண்டை போட இதை எழுதவில்லை. கவர்மேல் டாப்னியாவா மொய்னாவா, எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

- மீன் வளர்ப்பவர்,
கொளத்தூர், சென்னை-99.