பத்திரத்தில் யார் பெயர்?

அன்புள்ள கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். வீடு முடிவாகிவிட்டது, வங்கியிலும் கடன் தர ஒப்புக்கொண்டார்கள் என்று நீ அனுப்பிய செய்தியை அப்பா தெருவில் பாதிப் பேருக்குப் படித்துக் காட்டிவிட்டார். எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் கடைசியில், "அவருக்குத்தான் சம்பளம் அதிகம், அதனால் எல்லாமே அவர் பெயரில்தான் போகிறது" என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தாயே, அந்த வரியைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

உடனே மாப்பிள்ளையை நான் சந்தேகப்படுகிறேன் என்று எண்ணிக்கொள்ளாதே. அவர் தங்கமான பையன். வீட்டுக்கடன் பிரிவில் காலம் தள்ளியவள் நான். என் மேசைக்கு வந்த வழக்குகளில் பாதி தங்கமான மனிதர்களின் வீடுகளைப் பற்றியவை.

நான் உன்னிடம் வந்திருந்தபோது, நீ வேலைக்குப் போன ஒரு நாளில் உன் பக்கத்து வீட்டு அம்மாள் என்னை உங்கள் மாசசூசெட்ஸுக்குப் பக்கத்து மாநிலமான ரோட் ஐலண்டில் இருக்கும் நியூபோர்ட்டுக்கு அழைத்துப் போனார் அல்லவா? கோடீஸ்வரர்களின் கடற்கரை மாளிகைகள் எப்படி இருந்தன என்று நீ கேட்டதற்கு "பெரிய வீடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன். நடந்த களைப்பு. மிச்சத்தை இப்போது சொல்கிறேன். உன் பத்திரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

நாங்கள் முதலில் பார்த்தது மார்பிள் ஹவுஸ், அதாவது பளிங்கு வீடு. ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் என்ற கட்டடக் கலைஞர் 1888-இல் தொடங்கி 1892-இல் முடித்துக் கொடுத்த வீடு. செலவு ஒரு கோடியே பத்து லட்சம் டாலர் என்கிறார்கள். அதில் எழுபது லட்சம் கல்லுக்கே போயிருக்கிறது. ஐந்து லட்சம் கன அடி சலவைக்கல்! ஐம்பது அறைகள், முப்பத்தாறு வேலையாட்கள். இத்தனையும் கோடையில் சில வாரங்கள் வந்து தங்கிவிட்டுப் போவதற்கு. மற்ற நாள்களுக்கு நியூயார்க் ஐந்தாவது அவென்யூவில் வேறொரு மாளிகை இருந்தது. வாசல் கதவு வெண்கலக் கம்பி வேலைப்பாடு, பத்து டன் எடை. நடன அறைச் சுவர் முழுக்கத் தங்கரேக்கு ஒட்டியிருக்கிறார்கள். கண் கூசுகிறது, அழகு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

எனக்குப் பிடித்தது சாப்பாட்டு அறை நாற்காலிதான். சாப்பாட்டு அறைச் சுவர்கள் இளஞ்சிவப்புப் பளிங்கு. நாற்காலிகளோ வெண்கலத்தில் வார்த்துத் தங்கமுலாம் பூசியவை. தொடக்கூடாது என்று கயிறு கட்டியிருந்தார்கள், தொட்டாலும் நகர்ந்திருக்காது. அத்தனை கனம். விருந்தாளி உட்கார வேண்டுமானால் பின்னால் ஒரு சேவகன் நின்று நகர்த்திக் கொடுக்க வேண்டும். எழுந்திருக்க வேண்டுமானாலும் அவன்தான் வர வேண்டும். நமக்குப் பிடிக்காத பேச்சு நடக்கிறது, பந்தியில் பாதியில் எழுந்து போய்விடலாம் என்று நினைத்தால் அதற்கு வழியில்லை. வீட்டுக்காரி நன்றாக யோசித்துத்தான் செய்யச் சொல்லியிருக்கிறாள்.

அந்த வீட்டுக்காரியின் பெயர் ஆல்வா வாண்டர்பில்ட். வாண்டர்பில்ட் குடும்பத்துப் பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கொள்ளுத்தாத்தா தலைமுறை வரை போக வேண்டாம். கணவனின் தாத்தா கார்னீலியஸ், 1810-இல், பதினாறு வயதுப் பையனாக, தன் அம்மாவிடம் நூறு டாலர் கடன் வாங்கி ஒரு படகு வாங்கினார் என்று சொல்வார்கள். நியூயார்க் துறைமுகத்தில் ஆளேற்றி இறக்கும் படகு. அங்கிருந்து நீராவிக் கப்பல், பிறகு ரயில் பாதைகள். 1877-இல் அவர் இறந்தபோது சொத்து ஏறக்குறைய பத்துக் கோடி டாலர். மகன் எட்டே வருடத்தில் அதை இரட்டிப்பாக்கினார். பேரன்கள் வீடு கட்டினார்கள். எந்த ஊரிலும் மூன்றாம் தலைமுறைக்கு அந்த வேலைதான் வாய்க்கிறது.

பணம் வந்ததும் மரியாதை வந்துவிடவில்லை. நியூயார்க்கில் யார் பெரிய குடும்பம், யார் இல்லை என்று தீர்ப்புச் சொல்லும் இடத்தில் திருமதி ஆஸ்டர் என்ற சீமாட்டி உட்கார்ந்திருந்தார். ரயில்காரர் வீட்டு மருமகளை அவர் எட்டிப் பார்த்ததில்லை. 1883 மார்ச்சில் ஆல்வா தன் புது நியூயார்க் மாளிகையில் மாறுவேட நடன விருந்து ஒன்றை ஏற்பாடு செய்தாள். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆஸ்டர் வீட்டுப் பெண்ணுக்கு மட்டும் அழைப்பு இல்லை. "அவர்கள் அம்மா என் வீட்டுக்கு ஒரு நாளும் வந்ததில்லையே, முன்பின் தெரியாதவர்களை எப்படி அழைப்பது?" என்றாளாம் ஆல்வா. திருமதி ஆஸ்டர் வண்டியில் வந்து, அறிமுகத்துக்கு அடையாளமாகத் தன் பெயர் அட்டையைக் கொடுத்தனுப்ப வேண்டியதாயிற்று. கதையில் கொஞ்சம் கண், மூக்கு சேர்ந்திருக்கலாம். ஆனால் விருந்தில் அந்தக் குடும்பம் கலந்துகொண்டது உண்மை.

இனிதான் விஷயம். மார்பிள் ஹவுஸ் ஆல்வாவுக்கு அவள் கணவன் வில்லியம் கொடுத்த முப்பத்தொன்பதாவது பிறந்தநாள் பரிசு. பரிசு என்றால் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்கிற பரிசு இல்லை. சொத்து அவள் பெயரிலேயே இருந்தது. 1895-இல் கணவனின் நடத்தை பொறுக்காமல் அவள் விவாகரத்து வாங்கினாள். அந்தக் காலத்து அமெரிக்கச் சீமாட்டிகள் எதையும் சகித்துக்கொண்டு விருந்துக்குப் போவார்களே தவிர, நீதிமன்றம் போக மாட்டார்கள். பழகியவர்களே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆனால் கோடை வந்தபோது ஆல்வா தன் வாசல் வழியாகத் தன் வீட்டுக்குள் போனாள். யாரும் தடுக்க முடியவில்லை. ஜீவனாம்சமாகப் பெருந்தொகை வந்தது என்பது வேறு விஷயம். அது நீதிமன்றம் கொடுத்தது. வீடு ஏற்கெனவே அவளுடையது.

அடுத்த வருடமே ஆலிவர் பெல்மான்ட் என்பவரை மணந்து, அதே தெருவில் இருந்த அவருடைய மாளிகைக்குக் குடிபோனாள். அந்த மனிதருக்குக் குதிரை என்றால் உயிர். தரைத்தளத்தைக் குதிரைக்கும் வண்டிக்கும் விட்டுவிட்டு மேலே குடியிருந்தவர். அப்போதும் ஆல்வா பளிங்கு வீட்டை விற்கவில்லை. அங்கே சலவை வசதி நன்றாக இருக்கிறது என்று துணி துவைப்பதற்கு வைத்துக்கொண்டாளாம்! இதைக் கேட்டு நான் வாய்விட்டுச் சிரித்ததில் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

சிரிப்பெல்லாம் மாடிக்குப் போகும் வரைதான். அங்கே மகள் கான்சுவேலோவின் படுக்கையறை. இருண்ட மரப்பலகை அடித்த சுவர்கள், பதினெட்டு வயதுப் பெண் இருந்த அறை என்று சொன்னால் நம்ப முடியாது. மேசையில் என்ன பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பது வரை அம்மா தீர்மானித்தது; தனக்குப் பிடித்த ஒரு சிறு பொருளைக்கூட அங்கே வைத்துக்கொள்ள அனுமதி இல்லை என்று அந்தப் பெண்ணே பிற்காலத்தில் எழுதியிருக்கிறாள். சிறு வயதில் பாடம் படிக்கும்போது கூன் விழக்கூடாது என்று முதுகில் ஓர் இரும்புக் கம்பியை வைத்து, இடுப்பிலும் நெற்றியிலும் வார் போட்டுக் கட்டுவார்களாம். அவள் வேறொருவனை விரும்பினாள். அவனுடைய கடிதங்கள் அவளிடம் போய்ச் சேரவில்லை. கேட்டால் அம்மாவுக்கு நெஞ்சுவலி. 1895-இல் இங்கிலாந்தின் மார்ல்பரோ டியூக் என்ற பெரும்பிரபுவை ஆல்வா இந்த வீட்டுக்கே வரவழைத்தாள்; கீழே உள்ள கோதிக் அறையில் அவர் பெண் கேட்டார். நவம்பர் 6 அன்று நியூயார்க்கில் கல்யாணம். அழுது வீங்கிய கண்ணோடு மணப்பெண் தாமதமாகத்தான் கோயிலுக்கு வந்தாள்.

இங்கேதான் என் வங்கி மூளை விழித்துக்கொண்டது. கல்யாண ஒப்பந்தப்படி 25 லட்சம் டாலர் மதிப்புள்ள ரயில்வே பங்குகள், நான்கு சதவீத உத்தரவாத வருமானத்தோடு. அந்த வருமானம் டியூக்குக்கு, அவர் ஆயுள் முழுவதும். வரதட்சணை என்றால் நம் ஊர்ப் பெண்ணைப் பெற்றவர்களுக்கு மட்டும்தான் என்றிருந்தேன். ஓட்டை உடைசலாகக் கிடந்த அவருடைய பிளென்ஹைம் அரண்மனை அந்தப் பணத்தில்தான் பழுது பார்க்கப்பட்டது. 1906-இல் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். பங்குகளுக்கு அது தெரியாது. வருமானம் அவருக்கே போய்க்கொண்டிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் அப்பா, முடிவு செய்தவள் அம்மா. தன் பெயரில் சொத்து இருந்ததால் தலை நிமிர்ந்து நின்ற ஒருத்தி, அதே வருடத்தில் மகளுக்கு இப்படி எழுத விட்டிருக்கிறாள். இதை நான் அவளுக்கு விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

விட்டுவிடலாம் என்று பார்த்தால் அவளும் விட மாட்டேன் என்கிறாள். 1908-இல் இரண்டாவது கணவர் இறந்ததும் பெண்களுக்கு வாக்குரிமை கேட்கும் போராட்டத்தில் இறங்கினாள். 1909-இல் பளிங்கு வீட்டை மறுபடி திறந்து வாக்குரிமைக் கூட்டம் நடத்தினாள். வீட்டுக்குள் வந்து பார்க்க ஐந்து டாலர், தோட்டத்துக்கு மட்டும் ஒரு டாலர். டிக்கெட் போட்டு வீட்டைக் காட்டும் யோசனை அவளுடையதுதான் போலிருக்கிறது! கடலோரத்தில் சீன பாணியில் ஒரு தேநீர் மண்டபமும் கட்டினாள். அதில் தேநீர் போட வசதி வைக்க மறந்துவிட்டார்கள், அதனால் பெரிய வீட்டிலிருந்து தட்டுகளைக் கொண்டுவரக் குட்டி ரயில் பாதை போட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. ரயில்காரக் குடும்பம், செய்திருப்பார்கள். 1914-இல் அங்கே நடந்த பெண்கள் மாநாட்டில், "பெண்களுக்கு வாக்கு" என்று பொறித்த பீங்கான் பாத்திரங்களில் உணவு பரிமாறினார்கள். மேடையில் பேசியவர்களில் ஒருத்தி கான்சுவேலோ.

1926-இல் கான்சுவேலோவின் அந்தக் கல்யாணமே செல்லாது என்று ரோமில் கத்தோலிக்கத் திருச்சபையின் நீதிமன்றத்தில் தீர்ப்பாயிற்று. சாட்சி யார் என்கிறாய்? ஆல்வாவேதான். நான் கெஞ்சவில்லை, கட்டளையிட்டேன், என் கட்டளையை யாரும் எதிர்த்துப் பேசியதில்லை என்று எழுபது வயதைத் தாண்டியவள் வாக்குமூலம் கொடுத்தாள். அதற்கு முன்பே மகள் டியூக்கை விவாகரத்து செய்து, வேறொருவரை மணந்து பிரான்சில் குடியேறியிருந்தாள். அம்மாவும் அவள் பக்கத்திலேயே போய் இருந்துகொண்டாள். மகளே சமாதானமாகிவிட்ட பிறகு நான் கோபித்துக்கொண்டு என்ன செய்ய?

வீட்டை 1932-இல் விற்றாள். பெரும் பொருளாதார மந்தக் காலம். ஒரு கோடியே பத்து லட்சத்தில் கட்டியது ஏறக்குறைய ஒரு லட்சம் டாலருக்குப் போயிற்று. என்னிடம் யாராவது இந்த இரண்டு எண்களைக் கொண்டுவந்திருந்தால் ஒரு பூஜ்யம் விட்டுப்போயிருக்கிறது என்று திருப்பி அனுப்பியிருப்பேன். அதே ஊரில் இன்னும் பெரியது அவள் முதல் கணவனின் அண்ணன் கட்டிய பிரேக்கர்ஸ் மாளிகை: எழுபது அறை, குளியல் தொட்டியில் கடல் நீருக்கு இரண்டு குழாய், நல்ல நீருக்கு இரண்டு. கட்டி முடித்த நான்கே வருடத்தில், 1899-இல், அவர் இறந்துவிட்டார். 1948-இல் அவர் மகள் அதை ஊரின் பாதுகாப்புச் சங்கத்துக்கு ஆண்டுக்கு ஒரு டாலர் வாடகைக்கு விட்டாள். வருமான வரி வந்து, வேலைக்கு ஆள் கிடைப்பதும் அருகிப்போன பிறகு அந்த வீடுகளை யார் கட்டி மேய்ப்பது?

உன் வீடு மூன்று படுக்கையறை. விலை ஏறினாலும் இறங்கினாலும் தாங்கும். எனக்கு அந்தக் கவலை இல்லை. கடன் யார் பெயரில் என்பது ஒன்று, பத்திரம் யார் பெயரில் என்பது வேறொன்று. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உனக்குச் சம்பளம் குறைவு என்பது கடனை அவர் பெயரில் வாங்குவதற்குச் சரியான காரணம். கடன் அவர் ஒருவர் பெயரில் இருந்தாலும் பத்திரத்தில் இருவர் பெயரும் இருக்கலாம். வங்கியிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். மாசசூசெட்ஸில் கணவனும் மனைவியும் முழு வீட்டையும் சேர்ந்தே உடைமையாக வைத்துக்கொள்ளும் முறை ஒன்று இருக்கிறது. ஒருவர் காலத்துக்குப் பிறகு வீடு தானாக மற்றவருக்கு வந்துவிடும். உங்கள் வழக்கறிஞரிடம் கேள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். முன்பணத்தில் உன் சேமிப்பும் போயிருக்கிறதே, அந்தக் கணக்கையும் வங்கிக் காகிதங்களையும் ஒரு கோப்பில் போட்டு வை.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளையிடம் தாராளமாகக் காட்டு. மறைக்க இதில் ஒன்றுமில்லை. நான் சொன்னேன் என்றே சொல்; மாமியார் என்றால் கொஞ்சம் பயம் இருப்பதும் நல்லதுதான்.

பத்திர வரைவு வந்ததும், கையெழுத்துப் போடுவதற்கு முன்பு, எனக்கு ஒரு நகல் அனுப்பு. எழுத்துச் சிறியதாக இருந்தால் பெரிதாக்கி அனுப்பு. கண்ணாடி மாற்ற வேண்டும், இன்னும் போகவில்லை.

அன்புடன்,
அம்மா